நாற்பத்தொரு கிலோ பிடி

எங்கள் ஊரில் மூச்சு விடுவதற்கான அனுமதியை நான்காவது மாடியில் தருகிறார்கள். லிஃப்ட் இருக்கிறது. அது கோப்புகளுக்கு.

தலைநகர் சோஃபியாவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நிலக்கரி தோண்டித் தோண்டிப் பாதி ஆம்பிளைகளுக்கு நுரையீரல் போன ஊர், அவர்களைச் சோதிக்கிற அலுவலகத்தைக் கொண்டுபோய் மாடியில் வைத்த புத்திசாலி யார் என்கிறார்கள். யோசிக்காமலா வைத்திருப்பார்கள்? மூச்சுத்திறன் மதிப்பீட்டு ஆணையத்தில் எதுவும் யோசிக்காமல் நடப்பதில்லை. கீழே வாசல் காவலர், இன்னார் இத்தனை மணிக்குப் படியில் கால் வைத்தார் என்று எழுதுவார். மேலே லிலியானா என்ற எழுத்தர், இன்னார் இத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்று எழுதுவாள். சீக்கிரம் வந்து சேர்ந்தவருக்கு நோய் இல்லை. மெதுவாக வந்து சேர்ந்தவர் நேரம் தவறியவர். வந்தே சேராதவர் ‘ஆஜராகவில்லை’. மூன்றுக்கும் தனித்தனி ரப்பர் முத்திரை உண்டு.

அந்த நான்காவது மாடிக்குத்தான் போன நவம்பரில் என் சகலை ராங்கெலைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ராங்கெலும் நானும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவன் கட்டியது தங்கை ஸ்னெஜாவை. இருபத்தேழு வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தான், நான் மேலே மின்சாரம் பார்த்தேன். அதனால் எனக்கு முதுகுவலி, அவனுக்கு நுரையீரல். அவன் கட்டில் பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் இயந்திரம் இரவும் பகலும் உறுமிக்கொண்டு கிடக்கும். அதன் நெற்றியில் ‘பல்கேரியக் குடியரசின் சொத்து’ என்று ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் குழாய் அவன் மூக்கில். குழாயை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்விடும். அந்த இயந்திரம் இல்லாவிட்டால் அவன் இல்லை. இதில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை.

மூச்சுக்காக வருஷக்கணக்கில் அவன் தின்ற மாத்திரைகள் உடம்புச் சதையை உருக்கிவிட்டன. தொடை என் முழங்கை அளவுக்கு வந்துவிட்டது. நுரையீரல் டாக்டர் யாவோரா சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“ராங்கெல் ஐயா, உங்களுக்கு ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கு.”

“என்னது? எனக்கா? ரெண்டு பிள்ள பெத்தவன்மா நான்!”

“நான் சொல்லலைங்க, ரத்தம் சொல்லுது. இந்த வியாதியில, இந்த மாத்திரையில, சில பேருக்கு இப்படி ஆகும். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பாப்போம். நுரையீரலை இது திருப்பித் தராது, இப்பவே சொல்லிட்டேன். தொடைக்கும் கைக்கும் கொஞ்சம் சதை தரும். அது இருந்தா நாலு எட்டு கூட நடப்பீங்க.”

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “சகலை, இது வெளிய தெரியக் கூடாது. உன் பொண்டாட்டிக்குக்கூட.” நான் சத்தியம் பண்ணினேன். மருந்துக் கடைக்காரி சீட்டைப் பார்த்து, “ஆம்பள ஹார்மோன் யாருக்கு?” என்று கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்தது.

ஆனால் ஊசி வேலை செய்தது. ஐந்தாறு மாதத்தில் தொடை தொடையாகத் தெரிந்தது. வீட்டுப் படியில் ஐந்து இடத்தில் நின்றவன் மூன்று இடத்தில் நின்றான். நின்றபடியே சவரம் செய்துகொண்டான். மூச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, குழாயும் இருந்த இடத்திலேயே. இருந்தாலும் மனுஷன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை நான் பார்த்தேன். அதற்காகவே அந்த டாக்டர் பெண்ணைக் கும்பிடலாம்.

செப்டம்பரில் வந்தது வினை. செப்டம்பரில் எங்கள் ஊரே மிளகாய் சுடும், தெரியும்தானே? சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு பெரிய அண்டாவில் கிண்டி, குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாக அடைத்து வைப்போம். எந்த வீட்டில் எத்தனை ஜாடி என்பதுதான் அந்த வீட்டு மானம். ராங்கெல் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு, அண்டாவில் துடுப்பை நாலு சுற்று சுற்றினான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஸ்னெஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“எழுந்து நில்லுங்க, போட்டோ எடுக்கறேன். அந்தக் குழாயக் கழட்டுங்க.”

“எதுக்குடி?”

“படத்துல அசிங்கமா இருக்கும். எதிர்வீட்டுக்காரி புருஷன் வயித்த எக்கிக்கிட்டு நிக்கலையா? நீங்க பத்து விநாடி மூச்ச அடக்கிக்கங்க.”

அடக்கினான். படம் பிரமாதமாக வந்தது. பின்னால் ஜாடிகள் அடுக்கியிருக்க, துடுப்பும் கையுமாக நிமிர்ந்து நிற்கிறான். படத்துக்கு வெளியே, அடுத்த பத்து நிமிஷம் நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஸ்னெஜா அதை முகநூலில் போட்டு, கீழே ‘என் சிங்கம்’ என்று எழுதினாள். நூற்று நாற்பது பேர் விருப்பம் தெரிவித்தார்கள். நூற்று நாற்பத்தொன்றாவது ஆள் ஆணையம்.

கடிதம் வந்தது. ‘தங்களிடம் சிங்கத்துக்குரிய வலிமை காணப்படுவதாக ஆணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஆக்ஸிஜன் இயந்திரத்தை உடன் எடுத்துக்கொண்டு நேரில் ஆஜராகவும். மனைவி, படிவம் பதினான்கைப் பூர்த்தி செய்து அனுப்பவும்.’

வெளியே போகும்போது தோளில் மாட்டிக்கொள்ள அவனிடம் ஒரு சின்னச் சிலிண்டர் உண்டு. இரண்டு மணி நேரம் தாங்கும். அதன் தலையில் ஒரு முள். பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடியும். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம், முள் பச்சையில் இருந்தது. அன்றைக்கு முழுக்க நான் வேறு எதையும் பார்த்ததாக நினைவில்லை.

வாசல் காவலர் லிஃப்டைத் திறந்து இயந்திரத்தை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார்.

“இயந்திரம் அரசாங்கச் சொத்து, லிஃப்ட்ல போகலாம். ஆளு படியில.”

“ஐயா, இந்த ஆளுக்காகத்தானே அந்த இயந்திரம்?”

“ஆளு அரசாங்கச் சொத்து இல்லையே” என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு.

இயந்திரம் தனியாக, சொகுசாக மேலே போனது. நாங்கள் எழுபத்திரண்டு படி ஏறினோம். ஒன்பது படிக்கு ஒருமுறை நின்றோம். ஊசி தந்த தொடை ஏற்றியது, நெஞ்சு இழுத்துப் பிடித்தது. மேலே சேர்ந்தபோது முள் பாதியில் நின்றது. லிலியானா மணியைப் பார்த்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

நடைக்கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நாட்டில் வரிசைக்குச் சீட்டு கிடையாது. வருகிறவர் “யார் கடைசி?” என்று கேட்க வேண்டும், கடைசி ஆள் “நான்” என்று சொல்ல வேண்டும், அதோடு வரிசை தீர்மானமாகிவிடும். மூச்சு இல்லாதவர்கள் வரிசையில் இது சாமானிய விஷயமில்லை. ராங்கெல் “யார்” என்று சொல்லிவிட்டு நின்றான். “கடைசி” வருவதற்கு முன்னால் இன்னொருவர் வந்து “யார்” என்று ஆரம்பித்துவிட்டார். பதில் சொல்ல வேண்டியவர் கையைத் தூக்கி, காத்திருக்கும்படி சைகை காட்டி, மூச்சைத் திரட்டிக்கொண்டிருந்தார். இந்த மூவரும் கலந்து பேசி முடிக்கையில் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.

பக்கத்தில், எங்களுக்கு அடுத்துப் போக வேண்டிய ஸ்தாமென் என்று ஒருவர், சுரங்க ரயில் ஓட்டியவர், ரகசியமாகச் சொன்னார்.

“உள்ள ஒரு பிடி குடுப்பாங்க, அழுத்தச் சொல்லி. முப்பது கிலோவுக்கு மேல அழுத்தினா பலசாலின்னு எழுதி எல்லாத்தையும் புடுங்கிடுவாங்க. இருபதுக்குக் கீழ அழுத்தினா நடிக்கிறான்னு எழுதிடுவாங்க. இருபத்தஞ்சு. அதுதான் கணக்கு. நான் ஒரு மாசமா வீட்ல மாவு பிசைஞ்சு பழகிட்டு வந்திருக்கேன்.”

ராங்கெலிடம் மூன்று தடவை சொன்னேன். “இருபத்தஞ்சு, சகலை. செத்த மீனப் பிடிக்கற மாதிரி பிடி. கேக்குதா?” தலையை ஆட்டினான். அவன் ஒரு சுரங்கக்காரன் என்பதை அந்த நேரத்தில் நான் மறந்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களைக் கூப்பிட்டபோது முள் சிவப்பைத் தொட விரலளவு பாக்கி.

உள்ளே நீள மேஜை. நடுவில் தலைவர். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் நுரையீரல், மற்றவர் ஹார்மோன், மேஜை ஓரத்தில் பதிவேட்டோடு லிலியானா. எங்கள் இயந்திரம் எங்களுக்கு முன்னால் வந்து, மேஜை மேல் மணமகள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அறையில் ஒரே ஒரு மின் இணைப்பு. அதில் தலைவரின் காபிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

“நான் துணைப் பேராசிரியர் கலாபோவ்” என்றார் தலைவர். “துணைங்கறதயும் விட்டுடாதீங்க, பேராசிரியர்ங்கறதயும் விட்டுடாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனியா காத்திருந்து வாங்கினது.”

“ஐயா, சிலிண்டர் தீரப் போகுது” என்றேன்.

“அதுக்குள்ள முடிச்சுடலாம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? மொதல்ல ஆணையத்தப் பத்தி ரெண்டு வார்த்தை. நோயாளியக் குணப்படுத்தறது ஆஸ்பத்திரி வேலை. குணமாயிட்டார்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை. போன வருஷம் முந்நூத்திப் பன்னெண்டு பேர் குணமானதக் கண்டுபிடிச்சிருக்கோம். அதுல பாதிப் பேருக்கு நாம கடிதம் போடற வரைக்கும் தங்களுக்குக் குணமான விஷயமே தெரியாது! சில பேர் கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள காலமாயிட்டாங்க. ஒரு நன்றிகூடச் சொல்லல. நாம அத எதிர்பாக்கறதும் இல்ல.”

அவர் தண்ணீர் குடித்தார். நான் முள்ளைப் பார்த்தேன்.

“ஊசியால நுரையீரல்ல மாற்றம் உண்டா?” என்று நுரையீரல்காரரைக் கேட்டார்.

“தொடை, கை, ஹார்மோன் எதுவும் என் எல்லைக்குள்ள வராது. விலா எலும்புக்கு உள்பக்கம் மட்டும்தான் நான்.”

“அப்ப நீங்க சொல்லுங்க” என்று ஹார்மோன்காரர் பக்கம் திரும்பினார்.

“ஹார்மோன் ரத்தத்துல இருக்கற வரைக்கும் என்னோடது. ரத்தம் நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா இவரோடது. வெளிய வந்தா மறுபடி என்னோடது. இப்ப அது எங்க இருக்குன்னு சொன்னாத்தான் நான் கருத்து சொல்ல முடியும்.”

“நல்ல விளக்கம்” என்று தலைவர் குறித்துக்கொண்டார். பிறகு ஸ்னெஜாவின் படிவம் பதினான்கை எடுத்தார். ‘கணவரின் ஆண்மை, ஊசிக்கு முன், ஊசிக்குப் பின்’ என்று இரண்டு கட்டங்கள். அவள் மூன்று நாள் அழுது, என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூர்த்தி செய்திருந்தாள். தலைவர் உரக்கப் படித்தார்: “முன்: சமையலைக் குறை சொல்ல மூச்சு இல்லை. பின்: உப்பு குறைவு என்கிறார்.” நிமிர்ந்து, “பேச்சுத் திறன் மீண்டது, நாக்குச் சுவை மீண்டது” என்று எழுதச் சொன்னார். லிலியானா எழுதினாள்.

“நீங்க யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“சகலைங்க.”

“நல்ல சாட்சி. ரத்த உறவு இல்ல, அதனால பாசம் குறுக்க வராது. சொல்லுங்க, இவர் அண்டாவக் கிண்டினாரா?”

“நாலு சுத்து கிண்டினாருங்க. அப்புறம் பத்து நிமிஷம் செத்துப் பொழைச்சாரு.”

“கிண்டினார்னு எழுதும்மா. பொழைச்சார்னும் எழுது.”

ராங்கெல் மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டோரம் நிறம் மாற ஆரம்பித்தது.

பிடி வந்தது. இரும்புக் கைப்பிடி, மேலே கிலோ காட்டும் வட்டத்தில் ஒரு முள். தலைவர் அதை ராங்கெல் கையில் வைத்துவிட்டு இரண்டு உறுப்பினர்களையும் பார்த்துக் கண்ணடித்தார்.

“ஊசி போட்டு வந்த ஆம்பளத்தனம் எவ்வளவு தூரம் தாங்குதுன்னு பாத்துடலாம்.”

லிலியானா சிரிக்கவில்லை. மற்ற இருவரும் சிரித்தார்கள். ராங்கெல் என்னைப் பார்த்தான். “இருபத்தஞ்சு” என்று உதட்டசைத்தேன். அவன் முகத்தில் ஒரு நரம்பு எழுந்தது. அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் துளைப்பானைப் பிடித்த கை, கேலி கேட்டுப் பழகாத கை, அழுத்தியது. முள் இருபத்தைந்தைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. நாற்பத்தொன்றில் போய் நின்றது.

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருந்தது.

“மன்னிச்சுக்க… சகலை” என்றான். “கை… கேக்கல.”

தலைவர் எழுந்து நின்றார். குரலே மாறிவிட்டது. “நாற்பத்தொண்ணு! என்கிட்டகூட இவ்வளவு இல்ல. முடிவு சொல்றேன். ஒண்ணு, இவர் பலசாலி. பலசாலிக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் அவசியமில்ல, அது இன்னிக்கே இங்க ஒப்படைக்கப்படுது. ரெண்டு, பலம் வந்துட்டதால ஊசியும் அவசியமில்ல, நிறுத்தப்படுது. மூணு, ஊசி நிறுத்தினதால பலம் குறைஞ்சா, மறுபடி விண்ணப்பிக்கலாம். நேர்ல வரணும்.”

“ஐயா, கைக்குத்தானே பலம்! கையாலயா மூச்சு விடறான்?”

“கை ஹார்மோன் துறை, மூச்சு நுரையீரல் துறை. ரெண்டையும் சேத்துப் பாக்கற துறை இன்னும் ஏற்படுத்தல. சோஃபியாவுக்கு எழுதியிருக்கோம்.”

லிலியானா இயந்திரத்தின் பொத்தான் மேல் சிவப்பு முத்திரைத் தாளை ஒட்டினாள். அதே நேரத்தில் ராங்கெல் தோளில் சிலிண்டர் சீறுவதை நிறுத்தியது. முள் சிவப்பின் அடியில் படுத்துவிட்டது.

உத்தரவில் கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்கு முன், முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, தலைவர் மேஜைக்கு மேலே வலது கையை நீட்டினார். “வாழ்த்துகள்” என்றார்.

ராங்கெல் அந்தக் கையைப் பிடித்தான். விடவில்லை.

முதலில் தலைவர் சிரித்தார். பிறகு இழுத்துப் பார்த்தார். பிறகு, “போதும், போதும்” என்றார். பிறகு குரல் மேலே போனது. “விடுய்யா! யோவ்! என் கைய்யா அது!”

“அரசாங்கம்… குடுத்த… பலம்” என்றான் ராங்கெல். உதடு நீலம். கண் வெள்ளை. கை மட்டும் நாற்பத்தொன்றில் நின்றது.

நான் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பாய்ந்தேன். காபிப் பாத்திரத்தின் கம்பி மேஜைக்கடியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. இழுத்தேன், வரவில்லை. அப்போது மேஜைக்கடியில் ஒரு பெண் செருப்பு நீண்டு வந்து அந்தக் கம்பியை மெல்ல விடுவித்துவிட்டுத் திரும்பப் போனது. மேலே லிலியானா எழுதிக்கொண்டே இருந்தாள். காபியைப் பிடுங்கினேன், இயந்திரத்தைச் சொருகினேன், சிவப்புத் தாளைக் கிழித்தேன். இயந்திரம் உறுமியது. அதன் குழாயை அவன் மூக்கில் வைத்தேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவதில் அவன் கண் திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அங்கேயே, அந்த மூன்று தடியர்களுக்கு முன்னால்.

பிடி அப்படியே இருந்தது.

“காவலரக் கூப்பிடு!” என்று தலைவர் கத்தினார். காவலர் லிஃப்டில் வர முடியாது, விதி. எழுபத்திரண்டு படி ஓடி ஏறி வந்து, வாசலில் நின்று, வாயைத் திறந்து, ஒரு சொல்லும் வராமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். லிலியானா பழக்கதோஷத்தில் அவரிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினாள்.

“நான் இடது கையாலயே உத்தரவுல கையெழுத்துப் போடுவேன்” என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு. பேனாவை எடுத்து எதையோ கிறுக்கினார்.

லிலியானா அதை மாதிரிக் கையெழுத்துப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். “பொருந்தலைங்க, துணைப் பேராசிரியர். செல்லாது.”

ராங்கெல் நன்றாக மூன்று மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு கையை விட்டான். “இப்ப… போடுங்க” என்றான், ரொம்ப மரியாதையாக.

தலைவர் வலது கையைப் பார்த்தார். அது மைதா மாவு நிறத்தில், ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டி இருந்தது. பேனாவை விரலிடுக்கில் வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. கையெழுத்தில்லாத உத்தரவு உத்தரவல்ல என்று ஆணைய விதி பதினொன்று சொல்கிறது. அதை எங்களுக்குச் சொன்னது லிலியானாதான், யாரும் கேட்காமலே. உத்தரவு இல்லையென்றால் பழைய அனுமதி தொடரும். எங்கள் சிலிண்டர் காலி, இயந்திரம் சுவரை விட்டு வந்தால் ஓடாது என்பதால், ஸ்தாமென் தன் சிலிண்டரை எங்களுக்குக் கடன் கொடுத்துவிட்டு, ஆணைய அறையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இயந்திரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் ராங்கெலை வீட்டில் விட்டு, டாக்டர் யாவோராவிடம் வேறு சிலிண்டர் வாங்கி வந்து அவருக்குக் கொடுத்து, இயந்திரத்தை மீட்டேன்.

கலாபோவுக்கு எலும்பு ஒன்றும் உடையவில்லை. வீக்கம்தான். ஆனால் எழுத முடியாத தலைவர் வேலை பார்க்கக் கூடாது, மருத்துவ விடுப்பில் போக வேண்டும். விடுப்புச் சான்றிதழில் ஆணையத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அவர் விடுப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் தினமும் வந்து உட்கார்ந்தார். வீக்கம் வற்றிய பிறகும் பேனாவைக் கண்டால் விரல் நடுங்கியதாம். ஏழு வாரம் ஊரில் ஒருவரும் குணமாகவில்லை. யாரிடமிருந்தும் இயந்திரம் போகவில்லை. ராங்கெலுக்கு இரண்டு ஊசி போட்டாயிற்று. ஸ்னெஜா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த மனுஷன் கை சீக்கிரம் ஆறக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அவள் நல்லவள், அதனால் வலி இருக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. மறு ஆய்வுக்கு, இயந்திரத்தோடு, நேரில். கீழே கையெழுத்து, புதிதாக நடை பழகுகிற குழந்தை மாதிரி, கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் போனது. பக்கத்தில் நோட்டரி முத்திரை: ‘இடது கைக் கையெழுத்து பதிவு செய்யப்பட்டது.’

ஸ்னெஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அத்தான், என்ன பண்றது?” என்று என்னைக் கேட்டாள்.

ராங்கெல் கடிதத்தை வாங்கி, குழாயைச் சரி செய்துகொண்டு, அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

“பரவால்ல, சகலை” என்றான். மூச்சு வாங்க நிறுத்தினான். “எனக்கும்… இன்னொரு கை… இருக்குல்ல.”